பன்னிரண்டாவது பொத்தான்

இரும்புப் பெட்டியின் கதவில் துளைகள் பன்னிரண்டு இருந்தன. பொத்தான்கள் பதினொன்றுதான்.

மயூரநாதன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். மேல் வரிசையில் நான்கு, நடுவில் நான்கு, கீழே மூன்று. கீழ் வரிசையின் கடைசித் துளை மட்டும் பல் விழுந்த வாயைப் போல அவனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. ஏசுவதற்கும் வேறு ஆளில்லை. துளைகளை வெட்டியவன் அவனேதான். முதல்நாள் பின்னேரம் ஒரு கண்ணால் ஃபோனில் கிரிக்கெட்டையும் மறு கண்ணால் கதவையும் பார்த்துக்கொண்டு வெட்டியதில், கடைசி ஓவரில் ஒரு துளை கூடிப்போயிற்று.

"இப்ப என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள் அவன் மனைவி சர்மிதா. கந்தோருக்கு வெளிக்கிட்டு, கைப்பையோடு பட்டறை வாசலில் நின்றிருந்தாள்.

"புதுக் கதவு யாழ்ப்பாணத்திலயிருந்து வர ஒரு கிழமை செல்லும். நாளைக்குத் திறப்பு விழா."

"ஓட்டையை அடைச்சுவிடுங்கோவன்."

"அடைச்சால் அடைச்சது தெரியும்."

வேலணை வங்களாவடிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது அந்தப் பட்டறை. மில்லுகளுக்கும் பம்புகளுக்கும் மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது மயூரநாதனின் தொழில். எந்த மோட்டர் முதலில் ஓட வேண்டும், எது பிறகு ஓட வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும். தையற்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுப்பது போல ஆலைக்கு ஆலை அளவெடுத்துச் செய்வான். இதுவரை செய்ததெல்லாம் தோட்டக் கிணற்றுப் பம்புகளுக்கும் மிளகாய்த்தூள் மில்லுகளுக்கும்தான். ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் பெட்டி இதுதான் முதல்.

மேசை இலாச்சியைக் கிண்டினான். பச்சை முடிந்திருந்தது. சிவப்பும் மஞ்சளும் கூட முடிந்திருந்தன. நீலத்தில் ஒரு பொத்தான் கிடந்தது. அதை எடுத்துத் துளையில் திருகினான். பின்பக்கத்தில் வயர் கிடையாது. சட்டைக் கையில் வடிவுக்குத் தைத்த பொத்தான் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

"வடிவாத்தான் கிடக்கு" என்றாள் சர்மிதா. "ஆரும் கேட்டால் உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

"ஆர் உதைக் கேக்கப்போகினம்?"

அடுத்த நாள் காலை பத்து மணிக்கே கேட்டார்கள்.

அல்லைப்பிட்டிக் கரையில் பூட்டிக் கிடந்த பழைய ஐஸ் ஆலை ஒன்றை மீன்பிடிக்கும் ஏழு வள்ளக்காரர்கள் சேர்ந்து வாங்கித் திருத்தி, அலையொளி ஐஸ் ஆலை என்று பேரும் வைத்திருந்தார்கள். ஏழு பேருக்கும் தலைவர் சில்வெஸ்ரர். முப்பத்தைந்து வருடங்கள் இஞ்சின் சத்தத்துக்கு மேலால் ஒரு வள்ளத்திலிருந்து மற்ற வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருடையது. அவர் காதுக்குள் இரகசியம் சொன்னால் பக்கத்துத் தீவான மண்டைதீவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆலையின் முன் அறையில் புதுப் பெட்டி சுவரோடு சேர்ந்து பளபளவென்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சின் அறை. கொம்பிறசர், பம்புகள், ஐஸ் அச்சுகளைச் சுற்றி நிற்கும் உப்புத்தண்ணீரைக் கலக்கும் விசிறி எல்லாம் அங்கேதான். அது கத்தரீனாவின் இராச்சியம். ஐம்பதை எட்டிய அந்த மனுசி இருபது வருடங்களாக ஐஸ் ஆலைகளில் வேலை செய்தவள். நிலமெல்லாம் எண்ணெய், வழுக்கி விழுந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லி, ஒருவரையும் உள்ளே விடமாட்டாள். முதல்நாள் இரவு பெட்டியைக் கொண்டுவந்த மயூரநாதன்கூட, மோட்டரில் பூட்டச் சொல்லி வயர்களைச் சுவர்த் துளையால் நீட்டிவிட்டுப் போனதோடு சரி.

சில்வெஸ்ரர் ஒவ்வொரு பொத்தானாக விரலை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"பச்சை?"

"கொம்பிறசர் ஓட, அண்ணை."

"சிவப்பு?"

"அது நிக்க."

"மஞ்சள்?"

"உப்புத்தண்ணியைக் கலக்க."

இப்படிப் பதினொன்றும் முடிந்தன. விரல் கீழ் வரிசையின் கடைசிக்கு வந்தது.

"உந்த நீலம்?"

மயூரநாதன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சுற்றிவர ஏழு வள்ளக்காரர்களும் அவர்களின் மனைவிமாரும் நின்றார்கள். ஆசீர்வாதம் செய்ய வந்த தேவாலயச் சுவாமியாரும் நின்றார். "கிரிக்கெட் பாத்துக்கொண்டு ஓட்டை பிழைச்சு வெட்டிப்போட்டன்" என்று இத்தனை பேருக்கு நடுவில், அதுவும் ஒரு சுவாமியாரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அது... ஐஸ் இறுகிறதுக்கு, அண்ணை."

"இறுகிறதுக்கோ?"

"கொஞ்சம் கூட இறுக்கம் வேணுமெண்டால்."

சில்வெஸ்ரரின் முகம் விரிந்தது. "மற்ற ஆலையளில உது இருக்கோ?"

"இல்லை அண்ணை" என்றான். அன்றைக்கு அவன் நீலப் பொத்தானைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். சில்வெஸ்ரர் நெஞ்சை நிமிர்த்தி, "பச்சை போடுறன்" என்று ஊருக்கே அறிவித்துவிட்டு அழுத்தினார். பெட்டிக்குள் 'டக்' என்றது. பச்சை வெளிச்சம் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்தில் கொம்பிறசர் உறுமிக்கொண்டு எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இனி நீலம் போடுறன்."

மயூரநாதன் கண்ணை மூடிக்கொண்டான். பொத்தான் 'கிளிக்' என்றது. ஒரு மூச்சு. அதுவரை 'கர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் 'கும்' என்று கனத்தது.

தற்செயல்தான் என்று நினைத்து, இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டு, மோட்டர்சைக்கிளில் வீட்டுக்குப் போனான்.

பத்தாம் நாள் சில்வெஸ்ரர் ஃபோன் எடுத்தார். மயூரநாதன் ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, உம்மட நீலம் திறமா வேலை செய்யுது."

"எது அண்ணை?"

"நீலம். மற்றவையின்ர ஐஸ் புங்குடுதீவு தாண்டேக்கயே பாதி தண்ணி. எங்கட ஐஸ் குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்சில ஏறி, நெடுந்தீவில இறங்கின பிறகும் கோடாலியாலதான் உடைக்கினமாம்."

மயூரநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அல்லைப்பிட்டிக்குப் பறந்தான். அவன் கண்ணுக்கு முன்னாலேயே சில்வெஸ்ரர், "நீலம் போடுறன்" என்று கத்திவிட்டு அழுத்திக் காட்டினார். சத்தம் கனத்தது.

சத்தம் மறுபடி 'கர்ர்' என்று இறங்கி, அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் வரையும் காத்திருந்து, பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தான். நீலப் பொத்தானின் பின்பக்கத்தில் ஒரு சிலந்தி இரண்டு நூல் இழுத்துவிட்டிருந்தது. அதைத் தவிர அதற்கு வேறு இணைப்புக் கிடையாது.

கதவைச் சாத்திவிட்டுத் தானே அழுத்தினான். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்துப் பார்த்தான். சில்வெஸ்ரரைப் போலப் பெருவிரலால் அழுத்தினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் அழுத்தினான். கொம்பிறசர் அவனைச் சட்டை செய்யாமல் 'கர்ர்' என்று ஓடிக்கொண்டேயிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சர்மிதா குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"வயர் இல்லையெண்டது நிச்சயமோ?"

"சிலந்திவலைதான் கிடக்கு."

"பின்னை எப்பிடி?"

"அதைத்தானே நானும் கேக்கிறன். அவர் அமத்தினால் கேக்குது. நான் அமத்தினால் கேக்குதில்லை. செய்தவன் நான்."

"உங்கட சொல்லை வீட்டில பூனையே கேக்கிறேல்லை" என்று சொல்லி, மீனைப் புரட்டிவிட்டாள். "பேசாமல் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"இப்ப போய்ச் சொன்னால் நான் பொய் சொன்னனான் எண்டு நினைப்பினம்."

"பொய்தானே சொன்னனியள்."

பொத்தானைச் சனம் மெல்ல மெல்ல மறந்துவிடும்படி செய்தால் போதும் என்று மயூரநாதனுக்குப் பட்டது. அடுத்த நாள் போய், "அண்ணை, நீலத்தைக் கண்டபாட்டுக்கு அமத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஒருக்கால்தான்" என்றான்.

அதுவரை சில்வெஸ்ரர் மட்டும் விளையாட்டாக அழுத்திக்கொண்டிருந்த பொத்தான், ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் என்றதும் ஏழு பேருக்கும் வேண்டியதாகிவிட்டது. கூட்டம் கூடினார்கள். ஏழு பங்காளிகள், கிழமைக்கு ஏழு நாள், ஆண்டவர் கணக்காகத்தான் படைத்திருக்கிறார் என்று சில்வெஸ்ரர் சொல்லி, ஆளுக்கொரு நாளைப் பங்கிட்டு மட்டையில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினார். யாருடைய முறையானாலும் பக்கத்தில் நின்று, "இண்டைக்கு அந்தோனி நீலம் போடுறான்" என்று அறிவிப்பது மட்டும் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தவருக்குத்தான் மனவருத்தம். ஞாயிறு பூசைநாள், ஆலை ஓடாது. அவர் இரண்டு கிழமை ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு, ஞாயிறு பின்னேரம் தனக்காக ஆலையை அரை மணித்தியாலம் ஓட்ட வேண்டும் என்று கேட்டு வென்றுவிட்டார்.

இது சரிவராது என்று கண்ட மயூரநாதன் ஒரு வெள்ளிக்கிழமை போய், பொத்தான் எரிந்துவிட்டது, புதுசு கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிக் கறுப்பு ரேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டு வந்தான். அன்று இரவுதான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டான்.

திங்கட்கிழமை காலை பட்டறை வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்து ஏழு வள்ளக்காரர்களும் இறங்கினார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. சில்வெஸ்ரர் கூடக் கதைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒருவர் ஈரச் சாக்கொன்றை அவன் காலடியில் வைத்து அவிழ்த்தார். உள்ளே பாரை மீன்கள் இளகிப்போய்க் கிடந்தன.

"ரெண்டு நாள்" என்றார் சில்வெஸ்ரர் கடைசியில், அவரால் முடிந்த அளவு மெதுவாக. பக்கத்து வளவில் நாய் எழும்பிக் குரைத்தது. "ரெண்டு நாள் நீலம் இல்லை. ஐஸ் பஞ்சு மாதிரி. எங்கட சீவியம் உந்தப் பொத்தானிலதான் நிக்குது, தம்பி."

மயூரநாதன் லொறியில் அவர்களோடேயே ஏறிப் போய் ரேப்பை உரித்துவிட்டான். சில்வெஸ்ரர் கத்தினார். திங்கட்கிழமைக்காரர் அழுத்தினார். சத்தம் 'கும்' என்று கனத்தது. ஒரு வள்ளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மயூரநாதனுக்குத் தன் படிப்பிலேயே சந்தேகம் வந்தது. மின்சாரம் வயரில்லாமல் போகாது என்று பதினெட்டு வயதில் அவனுக்குச் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்தவர்கள் அல்லைப்பிட்டிக்கு வந்து பார்த்திருப்பார்களோ என்னவோ.

மூன்றாவதாக அவன் செய்தது, பொத்தானின் மேல் கண்ணாடி மூடியொன்று போட்டு அதற்குப் பூட்டும் வைத்தது. திறப்பைத் தானே வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒருநாள் தொலைந்துபோனது என்று சொல்லிவிடலாம் என்பது எண்ணம். திறப்பைச் சில்வெஸ்ரர் அவன் கையிலிருந்தே வாங்கித் தன் சிலுவைச் சங்கிலியில் கோத்துவிட்டார். கண்ணாடிக்குள் பொத்தானைக் கண்ட சனம் இன்னும் பயபக்தியோடு பார்க்கத் தொடங்கியது. ஆரோ அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் விட்டார்கள். படம் தீவு தீவாகப் போனது.

நயினாதீவில் குடிதண்ணீர் போத்தலில் அடைத்து விற்கும் பரமலிங்கம் முதலில் வந்தார். தன் பம்புகளுக்கு ஒரு பெட்டி வேண்டுமாம்.

"நீலம் ரெண்டு வையும்" என்றார்.

"ரெண்டு என்னத்துக்கு ஐயா?"

"ஒண்டு வேலைக்கு. மற்றது ஒரு காவலுக்கு."

அவருக்கு ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பி மூச்சு விடுவதற்குள் ஜெகதீஸின் ஃபோன் வந்தது. நெடுந்தீவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் சிறிய ஆலையொன்று கட்டும் கொம்பனிக்கு அவர்தான் எஞ்சினியர். அந்த ஆலையின் பெட்டியைச் செய்யும் வேலைக்கு மயூரநாதன் ஆறு மாதமாகக் காத்துக் கிடந்தான். அது கிடைத்தால் பட்டறைக்குக் கூரை மாற்றலாம், இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம். இனிமேல் மிளகாய்த்தூளில் தும்மிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

"மிஸ்டர் மயூரநாதன், ஐஸ் ஆலையில நீங்கள் செய்ததை நாளைக்கு நேரில பாக்க வாறன். அந்த நீலப் பொத்தானைப் பற்றிக் கனக்கக் கேள்விப்பட்டனான். எங்கட பெட்டிக்கும் அது வேணும்."

அன்று இரவு மயூரநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான்.

"சாப்பிடுங்கோ" என்றாள் சர்மிதா.

"ஐஸ் இறுகாட்டி மீன்தான் பழுதாப்போகும், சர்மி. அங்க சனம் குடிக்கப்போற தண்ணி. உப்புப் போயிட்டுதோ இல்லையோ எண்டு பாக்கிற இடத்தில பொய்ப் பொத்தானை வைக்க ஏலாது."

"பின்னை?"

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறன்."

"வேலை போனால்?"

"போகட்டும்."

அவள் இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் அவனை இவ்வளவு மரியாதையாக அவள் பார்த்ததில்லை. அது அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை ஜெகதீஸ் ஒன்பது மணிக்கே ஐஸ் ஆலைக்கு வந்துவிட்டார். மெல்லிய மனிதர். கையில் வரைபடத்தின் பிரதி, சட்டைப் பையில் மூன்று பேனைகள். ஏழு வள்ளக்காரர்களும் பெருநாள் சட்டையில் நின்றார்கள். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ் பெட்டியைத் திறந்தார், வயர் வயராகப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனால் நீலப் பொத்தான் உங்கட வரைபடத்தில இல்லையே."

மயூரநாதன் ஓரடி முன்னால் வந்தான்.

"இல்லை சேர். ஏனெண்டால் அது ஒண்டுமில்லை. நான் கதவில ஒரு ஓட்டையைக் கூட வெட்டிப்போட்டன். அதை மறைக்கப் போட்ட பொத்தான்தான் அது. ஐஸ் இறுகிறதுக்கு எண்டு சொன்னது பொய். எல்லாரும் என்னை மன்னிக்க வேணும்."

சில்வெஸ்ரர் சிரித்தார். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

"தம்பிக்கு அடக்கம் கூடிப்போச்சு, சேர்" என்றார் சில்வெஸ்ரர். "தன்ர கண்டுபிடிப்பைக் களவெடுத்துப்போடுவினம் எண்டு பயப்பிடுறான்."

"இல்லை அண்ணை, சத்தியமாப் பொய்."

"பொய் எண்டால் என்ர பாரை மீன் ஏன் இளகினது?"

மயூரநாதன் சில்வெஸ்ரரிடம் திறப்பை வாங்கிக் கண்ணாடி மூடியைத் திறந்து, கதவின் பின்பக்கமாகக் கையை விட்டு, திருகாணியைக் கழற்றிப் பொத்தானைப் பிடுங்கி எடுத்தான். உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் முன்னால் நீட்டினான்.

"பாருங்கோ. வயர் இருக்கோ? ஒண்டுமில்லை. வெறும் பிளாஸ்ரிக்."

சில்வெஸ்ரர் அந்தப் பொத்தானை மெல்ல எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அறையின் நடுவில், பெட்டியிலிருந்து ஆறடி தள்ளி நின்றுகொண்டு, அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, "நீலம் போடுறன்" என்றார்.

'கிளிக்.'

ஒரு மூச்சு. சுவருக்கு அந்தப் பக்கத்தில் சத்தம் 'கும்' என்று கனத்தது.

ஜெகதீஸின் கையிலிருந்து வரைபடம் விழுந்தது. ஒரு வள்ளக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்காரர், "அப்ப உதை இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றார்.

"வயர்லெஸ்ஸோ?" என்று கேட்டார் ஜெகதீஸ் மெல்லிய குரலில். "மிஸ்டர் மயூரநாதன், எங்கட பெட்டி உங்களுக்குத்தான். உதில எனக்கு நாலு வேணும்."

தன் கண், தன் காது, தான் படித்த படிப்பு என்ற மூன்றில் எதை நம்புவது என்று மயூரநாதனுக்குத் தெரியவில்லை. சத்தம் வருகிற இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று வெளியே வந்தான். ஆலையைச் சுற்றிக்கொண்டு ஓடினான். எண்ணெய் நிலத்தையோ கத்தரீனாவின் தடையையோ பார்க்காமல் இஞ்சின் அறைக் கதவைத் தள்ளித் திறந்தான்.

கத்தரீனா கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் குந்தியிருந்தாள். ஒரு கையில் தேத்தண்ணி. மற்றக் கை சுவரில் இருந்த ஒரு பழைய சுவிச்சின் மேல் இருந்தது.

"நீங்களோ அக்கா?"

"நான்தான்" என்றாள் கத்தரீனா, கையை எடுக்காமலே. "உப்புத்தண்ணியைக் கலக்கிற பழைய கலக்கி ஒண்டு மூலையில சும்மா கிடந்தது. தலைவர் நீலம் எண்டு கத்தினவுடன அதையும் போட்டுவிடுவன். ரெண்டு கலக்கி ஓடினால் ஐஸ் இறுகும்தானே."

"ஏன் அக்கா இப்பிடி?"

"திறப்பு விழா அண்டைக்கு, ஐஸ் இறுகிறதுக்கு எண்டு நீர் சொல்லேக்கை குரல் நடுங்கிச்சுது. சுவருக்கு இஞ்சாலயும் கேட்டது. பெடியன் எதையோ சொல்லி மாட்டுப்பட்டுட்டான் எண்டு விளங்கிச்சுது. சுவாமியாருக்கு முன்னால உம்மட முகம் கறுக்கிறது எனக்குச் சரியாப்படேல்லை."

"ரேப் ஒட்டின ரெண்டு நாளும்?"

"கத்தினால்தானே போடுறது. ஆரும் கத்தேல்லை."

மயூரநாதன் சுவரில் சாய்ந்தான். முதலில் அழுகை வருவது போல இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். மின்சாரம் வயரில்தான் போகிறது. தனக்கு விசர் பிடிக்கவில்லை. மூன்று மாதமாக நெஞ்சின் மேல் கிடந்த ஐஸ் கட்டி ஒரேயடியாகக் கரைந்து ஓடியது.

அவன் நிமிர்ந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தன் கண், தன் காது, தான் படித்த படிப்பு மூன்றும் தனக்குத் திரும்பி வந்தது போலிருந்தது.

"நல்ல மனசு அக்கா உங்களுக்கு. ஆனால் இனிக் காணும். நான் இப்பவே போய் எஞ்சினியருக்கு நடந்ததைச் சொல்லுறன். அவர் வேலையைத் தாறதெண்டால் என்ர மற்றப் பதினொரு பொத்தானையும் பாத்துத் தரட்டும். அதுகள் ஒண்டும் பொய்யில்லை. மூண்டு மாசமா ஒரு பிழையில்லாமல் ஓடுது. அது என்ர கைவேலை."

கத்தரீனா தேத்தண்ணியின் கடைசி மிடறையும் குடித்து முடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தம்பி, உம்மட பெட்டியிலயிருந்து வாற வயரையெல்லாம் மோட்டரில பூட்டச் சொல்லி என்னட்ட விட்டிட்டுப் போனீர், எனக்கு இன்னும் நேரம் கிடைக்கேல்லை, தலைவர் கத்தக் கத்த அந்தப் பதினொண்டையும் நான்தான் இஞ்சையிருந்து போடுறன்."